கேள்வி – பதில்: விமானத்தைச் சோதிக்க வருபவர் யாருடைய ஆள்?

திருகோணமலை நகரிலிருந்தும் சீனக்குடா விமானத் தளத்தை அண்டிய ஊர்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியிருந்தன: நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்தை யார் மேற்பார்வை செய்கிறார்கள், அந்த மேற்பார்வை போதுமா, போதாதென்றால் எதைத் திருத்த வேண்டும் என்பவையே அவை. ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை மட்டும் தெரிவுசெய்து, சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: விமானங்கள் சம்பந்தமாகப் பத்திரிகைகளில் பல நிறுவனங்களின் பெயர்கள் அடிபடுகின்றன. விதி செய்பவர் யார், விமான நிலையத்தை நடத்துபவர் யார் என்பது விளங்கவில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை)

விதி செய்வதும் அனுமதிப்பத்திரம் வழங்குவதும் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் வேலை. 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் அதை உருவாக்கியது. அதற்கு முன்னர் அந்த வேலையை ஓர் அரச திணைக்களம் செய்துவந்தது. 1950ஆம் ஆண்டின் வான் செலவுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமே இன்று அந்தச் சபையின் கையிலுள்ள முதன்மையான கருவி. கட்டுநாயக்க போன்ற நிலையங்களை நடத்துவதும், வானில் விமானங்களுக்கு வழிகாட்டுவதும் 1983இல் தொடங்கப்பட்ட விமான நிலையம் மற்றும் விமான சேவைகள் நிறுவனத்தின் பொறுப்பு. அது அரசுக்குச் சொந்தமான கம்பனி. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் இவை இரண்டிலிருந்தும் வேறான மூன்றாவது நிறுவனம், அதுவும் அரசுடையதே.

நிலையத்தை நடத்துபவரையும் அவரை மேற்பார்வை செய்பவரையும் பிரித்து வைத்ததில் இலங்கை அயல்நாடுகள் சிலவற்றுக்கு முந்திக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நேபாளத்தில் ஒரே அதிகார சபை விமான நிலையங்களை நடத்திக்கொண்டு, அவற்றுக்குத் தானே சான்றிதழும் வழங்கியது. 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் நேபாள விமான நிறுவனங்கள் அனைத்தையும் தனது வானத்திலிருந்து விலக்கிவைத்தது. அதன் பிறகும் அந்தச் சபையை இரண்டாக்கும் வேலை ஆண்டுக்கணக்காக இழுபட்டது. பாகிஸ்தான் 2023இல்தான் சட்டமியற்றிப் பிரித்தது.

ஆனால் நமது பிரிவினைக்கு ஒரு கூரை மிஞ்சியிருக்கிறது. மேற்பார்வை செய்யும் சபையின் உறுப்பினர்களை நியமிப்பவர் அமைச்சர். மேற்பார்வைக்கு உட்படும் கம்பனியும் அதே அமைச்சின் கீழேயே இருக்கிறது. விமான நிலையத்தில் ஒரு குறைபாட்டைக் கண்டு, அதைத் திருத்தும் வரை சில சேவைகளை நிறுத்து என்று சபையின் தலைமை அதிகாரியான பணிப்பாளர் நாயகம் எழுத நேர்ந்தால், அந்தக் கடிதத்தின் சூடு போய்ச் சேருவது அவருக்கு மேலிருப்பவரிடம்தான். எனவே திருத்தம் தொடங்க வேண்டிய இடம் பணிப்பாளர் நாயகத்தின் கதிரை என்று நான் நினைக்கிறேன். அவருக்குக் குறித்த பதவிக்காலம் வேண்டும்; இடையில் நீக்குவதென்றால் காரணத்தை எழுத்தில் பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பிக்கும் கடப்பாடு அமைச்சருக்கு வேண்டும்.

கேள்வி: சட்டமும் சபையும் இருக்கும்போது இன்னும் என்ன சீர்திருத்தம்? (வர்த்தகர், உப்புவெளி)

1944இல் கையெழுத்தான சிக்காகோ உடன்படிக்கையில் இலங்கை 1948இல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின் வழி உருவான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 1999 முதல் ஒவ்வொரு நாட்டின் மேற்பார்வையையும் கணக்காய்வு செய்துவருகிறது. அது எட்டு அம்சங்களைப் பார்க்கிறது. அடிப்படைச் சட்டம், அதன் கீழான ஒழுங்குவிதிகள், நிறுவன அமைப்பு ஆகியவை முதல் மூன்று. இவற்றைக் கடதாசியில் கொண்டுவந்துவிடலாம், பெரும்பாலான நாடுகள் கொண்டுவந்தும் இருக்கின்றன. நான்காவது அம்சம் தகுதிவாய்ந்த தொழில்நுட்ப ஆளணி. அது இல்லையென்றால் பின்னால் வரும் அனுமதி வழங்கல், தொடர் கண்காணிப்பு, குறைகளைத் தீர்த்தல் எல்லாம் பெயருக்குத்தான் நடக்கும்.

தரிப்பிடத்தில் நிற்கும் விமானத்தினுள் ஒரு பரிசோதகர் ஏறினால் என்ன பார்க்கிறார் என்று சொன்னால் இது தெளிவாகும். 4ஆர் என்ற இலங்கைக் குறியைத் தாங்கிய பதிவுச் சான்றிதழ், பறப்புத் தகுதிச் சான்றிதழ், விமானிகளின் அனுமதிப்பத்திரங்கள், அவற்றோடு சேர்ந்த மருத்துவச் சான்றிதழ்களின் திகதி ஆகியவற்றைப் பார்த்த பின்னர் அவர் தொழில்நுட்பப் பதிவேட்டைக் கேட்பார். ஒரு கருவி பழுதானவுடன் பறப்பை நிறுத்திவிட வேண்டும் என்பதில்லை. எந்தெந்தக் கருவி வேலை செய்யாவிட்டாலும் பாதுகாப்பாகப் பறக்கலாம் என்று முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் உண்டு, அதன்படி பழுதை ஒத்திவைக்கலாம். ஒத்திவைப்புக்கு வகைவாரியாகக் கெடுவும் உண்டு: பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள். சி வகைப் பழுது ஒன்று 9ஆம் நாள் திருத்தப்பட்டதாக மூடப்பட்டு, இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் அதே பழுது புதிய இலக்கத்தோடு திறக்கப்பட்டிருந்தால், கடதாசியில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அந்த இரண்டு பதிவுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, இடையில் உதிரிப்பாகம் எதுவும் களஞ்சியத்திலிருந்து எடுக்கப்படவில்லையே என்று கேட்பவர்தான் பரிசோதகர்.

அப்படிக் கேட்கத் தெரிந்தவருக்கு விமான நிறுவனங்கள் நல்ல சம்பளம் தரும். வளைகுடா நாடுகள் அதைவிடப் பன்மடங்கு தரும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இத்துறையினர் பலர் நாட்டைவிட்டுப் போனதை நாமெல்லோரும் அறிவோம். அரச நிறுவனச் சம்பளத் திட்டத்துக்குள் நின்றுகொண்டு அவர்களைப் பிடித்துவைக்க முடியாது. பல நாடுகள் இதற்குக் கண்ட குறுக்குவழி, விமான நிறுவனத்தில் வேலையில் இருக்கும் விமானியையே இரவலாக எடுத்துப் பரிசோதகராக்குவது. இன்று சக விமானியைச் சோதித்து, நாளை அவரோடு ஒரே நிறுவனத்தில் பறக்கப் போகிறவர் எவ்வளவு கண்டிப்பாக இருப்பார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்த ஓட்டையை அலட்சியம் செய்தால் விலை உண்டு. பிற நாடுகளின் மேற்பார்வையைத் தரப்படுத்தும் அமெரிக்க விமான நிர்வாகம், 2014 ஜனவரியில் இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. போதிய முழுநேரப் பரிசோதகர்கள் இல்லாமை முக்கிய காரணங்களில் ஒன்று. 2015 ஏப்ரலில் முதல் தரம் திரும்பக் கிடைக்கும் வரை இந்திய நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை எதையும் தொடங்க முடியவில்லை. தாய்லாந்தின் கதை இன்னும் கடுமையானது. விமான நிறுவனங்களுக்குச் சான்றிதழ் வழங்கிய முறையே கேள்விக்குள்ளாகி, 2015 ஜூனில் சர்வதேச அமைப்பு அந்த நாட்டின் பெயருக்கு எதிரே சிவப்புக் கொடி நாட்டியது. தாய்லாந்து பழைய திணைக்களத்தைக் கலைத்துப் புதிய அதிகார சபையை அமைத்து, சர்வதேச சேவை நடத்தும் நிறுவனங்களுக்கு மீண்டும் முதலிலிருந்து சான்றிதழ் வழங்கும் வேலையில் இறங்கியது. கொடி 2017 அக்டோபரில்தான் இறங்கியது; அமெரிக்கத் தரநிலை 2025 வரை காத்திருக்க வைத்தது.

பரிசோதகர்களுக்குத் தனிச் சம்பள அளவுத்திட்டம், விமான நிறுவனத்திலிருந்து வந்தவர் குறித்த காலத்துக்குத் தம் பழைய நிறுவனத்தைச் சோதிக்கக் கூடாது என்ற தடை, அங்கீகரிக்கப்பட்ட பதவிகள் எத்தனை, அவற்றில் நிரப்பப்பட்டவை எத்தனை என்பதை ஆண்டுதோறும் வெளியிடும் கடமை ஆகிய மூன்றும், இன்னொரு புதிய சட்டத்தைவிட அவசரமானவை.

கேள்வி: 2023 ஓகஸ்ட் மாதம் சீனக்குடாவில் விமானப்படையின் பயிற்சி விமானம் விழுந்து இருவர் உயிரிழந்தனர். அதை ஏன் சிவில் அதிகாரிகள் விசாரிக்கவில்லை? எங்கள் வயல்களுக்கு மேலாகத்தானே அவை பறக்கின்றன? (விவசாயி, தம்பலகாமம்)

நியாயமான கேள்வி. ஓகஸ்ட் 7ஆம் திகதி விழுந்த அந்த பீ.ரி. 6 ரக விமானம் அரச விமானம் என்ற வகையைச் சேர்ந்தது. சிக்காகோ உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை, இராணுவம், சுங்கம், பொலிஸ் ஆகிய சேவைகளில் ஈடுபடும் விமானங்களைத் தனது எல்லைக்கு வெளியே வைத்துவிடுகிறது. ஆகவே விமானப்படை தனது விசாரணைச் சபையைத் தானே நியமித்துத் தானே அறிக்கை பெறுகிறது. 2020 டிசம்பரில் கந்தளாயில் அதே ரக விமானம் விழுந்து பயிற்சி அதிகாரி ஒருவர் உயிரிழந்தபோதும் நடைமுறை இதுவே.

சிவில் விமானம் விழுந்தால் நடைமுறை வேறு. உடன்படிக்கையின் 13ஆம் பின்னிணைப்பின்படி, விபத்து நடந்த மண்ணுக்குரிய நாடு விசாரணையை நடத்த வேண்டும். விமானம் பதிவான நாடு, இயக்கிய நிறுவனத்தின் நாடு, வடிவமைத்த நாடு, தயாரித்த நாடு ஆகியவற்றுக்கு அதில் பங்கேற்கும் உரிமை உண்டு. 30 நாளுக்குள் முதல்நிலை அறிக்கையும், இயன்றவரை 12 மாதத்துக்குள் இறுதி அறிக்கையும் வரவேண்டும். விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. குற்றவாளியைத் தேடுவது பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய தனி வேலை. நம் நாட்டில் நடந்த மிகப் பெரிய சிவில் விமான விபத்துகள் இரண்டுமே வெளிநாட்டு விமானங்களுக்கு நேர்ந்தவை: 1974 டிசம்பர் 4இல் மஸ்கெலியாவுக்கு அருகே சப்த கன்னி மலையில் மோதிய நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் விமானத்தில் 191 பேரும், 1978 நவம்பர் 15இல் கட்டுநாயக்கவை நெருங்கும்போது விழுந்த ஐஸ்லாந்து விமானத்தில் 183 பேரும் இறந்தனர். இருமுறையும் இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசிய யாத்திரிகர்கள். அத்தகைய விசாரணைகளில் பல நாட்டு நிபுணர்கள் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கும். அனுமதிப்பத்திரம் வழங்கிய சபையே விசாரணையையும் நடத்தினால் அங்கே அதன் சொல் எடுபடாது. விபத்துக்கு மேற்பார்வையின் தளர்வே ஒரு காரணமாக இருக்கலாமே! அமெரிக்கா 1975இல் தனது விசாரணைச் சபையைப் போக்குவரத்துத் திணைக்களத்திலிருந்து முற்றாக வெட்டி எடுத்ததன் நியாயம் இதுதான். விசாரணை அமைப்பு தனிச் சட்டத்தின் கீழ், பாராளுமன்றம் நேராக ஒதுக்கும் நிதியில் இயங்குவதே இலங்கைக்கும் பொருத்தம்.

விமானப்படையின் விசாரணைகளுக்கு வருவோம். அவற்றைச் சிவில் அமைப்பிடம் கையளிக்கும்படி கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் இராணுவ இரகசியம் எதுவுமற்ற பகுதிகளை, அதாவது இயந்திரக் கோளாறா, பராமரிப்புக் குறையா, பயிற்சி முறையில் பிழையா என்பதை, சுருக்க அறிக்கையாக வெளியிடலாம். பல நாடுகளின் படைகள் அப்படிச் செய்கின்றன. தம்பலகாமத்து வயலில் நிற்பவருக்கு அவ்வளவையாவது அறிய உரிமை உண்டு.

கேள்வி: சீனக்குடாவுக்குச் சுற்றுலாப் பயணிகளோடு வரும் சிறிய விமானங்களுக்கு யார் பொறுப்பு? படையினரா, சிவில் அதிகாரிகளா? (முச்சக்கரவண்டிச் சாரதி, கிண்ணியா)

விமானமும் விமானியும் அவற்றை இயக்கும் நிறுவனமும் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் கீழ் வருகின்றன. ஓடுபாதையும் தளமும் விமானப்படையின் வசம் உள்ளன. அனுமதிப்பத்திரம் கேட்கும் கம்பனியின் கதவைத் தட்டுவது போல, சிவில் பரிசோதகர் ஒருவர் படைத்தளத்தின் வாயிலில் போய் நின்று, ஓடுபாதையின் மேற்பரப்பையும் தீயணைப்பு வாகனத்தின் தயார்நிலையையும் பார்க்க வேண்டும் என்று கேட்பது எளிதல்ல. குறை கண்டால் கட்டளை அதிகாரிக்கு அவர் எந்த அதிகாரத்தில் எழுதுவார்? பயணிகள் இறங்கும் எந்தத் தளமும், அதை நடத்துபவர் யாராக இருந்தாலும், ஒரே தரத்தில் சோதிக்கப்பட வேண்டும் என்ற இணக்கம் இரு தரப்புக்கும் இடையே எழுத்தில் இருந்து, அது பொதுமக்களுக்குத் தெரியக்கூடியதாகவும் இருப்பது நல்லது. சீனக்குடா சர்வதேச விமான நிலையமாகுமா என்று அதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். சுங்கம், குடிவரவு, தளச் சான்றிதழ் ஆகிய மூன்றும் ஒழுங்கான பிறகு பேச வேண்டிய விடயம் அது.

கேள்வி: கட்டாரிலிருந்து வந்த என் மகனின் பயணப்பொதி உடைந்து, பாதிப் பொருட்கள் காணாமற்போய் வந்தது. விமான நிறுவனம் பதிலே தரவில்லை. அதிகார சபை எதற்கு இருக்கிறது? (வாசகி, மூதூர்)

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சேதமடைந்த பொதிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதித்து வந்த பொதிக்குக் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் முறைப்பாடு செய்ய வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்னரே பொதிகளுக்கான கருமபீடத்தில் முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பி, அதன் பிரதியை வாங்கி வைத்திருப்பது மிக நல்லது. 21 நாளாகியும் வராத பொதியைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கோரலாம். இலங்கையும் இணைந்துள்ள 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி பொதிக்கான உச்ச இழப்பீடு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 விசேட எடுப்பனவு உரிமை அலகுகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். வழக்குத் தொடுப்பதற்கான கெடு இரண்டு ஆண்டு.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. மூதூரிலிருந்து ஒரு பொதிக்காக நீதிமன்றம் போக யாரால் முடியும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானம் ரத்தானாலோ நீண்ட நேரம் தாமதித்தாலோ 250 முதல் 600 யூரோ வரை என்று தொகையே சட்டத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. பயணி வாதாடத் தேவையில்லை. அப்படித் தொகையும் கெடுவும் குறித்த ஒழுங்குவிதி நமது வர்த்தமானியிலும் வரவேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் வழியும் அதில் சொல்லப்பட வேண்டும். வளைகுடாவுக்குப் போய்வரும் தொழிலாளிதான் நமது விமான நிலையத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர் என்பது கொழும்பில் அடிக்கடி மறந்துபோகிறது.

கேள்வி: வெளிநாட்டில் விமானப் பராமரிப்பு வேலை செய்யும் என் மருமகன், திருத்தாத பழுதைத் திருத்தியதாகக் கையெழுத்திடும்படி மேலாளர் வற்புறுத்துவதாகச் சொல்கிறான். மறுத்தால் வேலை போய்விடும் என்கிறான். என்ன செய்யலாம்? (வாசகர், நிலாவெளி)

கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கையெழுத்து நிறுவனத்தின் பெயரில் அல்ல, அவருடைய சொந்த அனுமதிப்பத்திரத்தின் பெயரில் விழுகிறது. விபத்து நேர்ந்தால் விசாரணையாளர் முதலில் தேடுவதும் அதைத்தான். வற்புறுத்தல் நடந்த திகதி, விமானத்தின் பதிவு இலக்கம், பழுதின் விபரம் ஆகியவற்றை அவர் தமக்கென எழுதி வைத்துக்கொள்ளட்டும். சர்வதேச விதிகளின் 19ஆம் பின்னிணைப்பு, தாமாக முன்வந்து அறிவிக்கும் வழி ஒன்றை நாடுகள் ஏற்படுத்த வேண்டும் என்றும், அவ்வாறு கிடைக்கும் தகவலைப் பாதுகாக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அவர் வேலை செய்யும் நாட்டின் ஒழுங்குபடுத்தும் சபையில் அத்தகைய வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே சீர்திருத்தக்காரர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1976 முதல் இந்த அறிக்கைகளை வாங்குவது விமான நிர்வாகமன்று, விண்வெளி நிறுவனமான நாசா. தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்பதை உணர்ந்து, தண்டிக்க அதிகாரமே இல்லாத ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை நீக்கிவிட்டே தகவலை மேலே அனுப்புவார்கள். இலங்கையில் அந்தப் பெட்டியை ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்திடம் கொடுக்கலாம் என்பது என் யோசனை.

கேள்வி: அவ்வளவு வலிமையான அமெரிக்க நிர்வாகத்தின் கண்முன்னே போயிங் 737 மெக்ஸ் விபத்துகள் எப்படி நடந்தன? (உயர்தர மாணவி, லிங்கநகர்)

2018 அக்டோபரில் இந்தோனேசியாவின் லயன் எயார் விமானத்திலும், 2019 மார்ச்சில் எதியோப்பியன் எயார்லைன்ஸ் விமானத்திலுமாக 346 பேர் இறந்தனர். விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் ஒரு மென்பொருள், ஒரேயோர் உணரி தந்த பிழையான அளவீட்டை நம்பிச் செயற்பட்டது. அந்த மென்பொருள் பற்றி விமானிகளின் கைநூலில் விளக்கப்பட்டிருக்கவில்லை. அமெரிக்க நிர்வாகம் சான்றளிக்கும் வேலையில் பெரும் பகுதியைத் தனது சார்பில் செய்யும்படி போயிங்கின் ஊழியர்களுக்கே ஒப்படைத்திருந்தது. பஸ் சாரதி தன் அனுமதிப்பத்திரத்தைத் தானே எழுதிக்கொள்வது போன்ற ஏற்பாடு. இத்தகைய ஒப்படைப்பு முற்றாகத் தவறென்று சொல்ல முடியாது. ஒரு விமானத்தின் எல்லா விபரங்களையும் சரிபார்க்கும் அளவுக்கு எந்த அரசிடமும் ஆட்கள் இல்லை. ஆனால் ஒப்படைத்ததைத் திரும்பச் சரிபார்க்கும் அறிவுள்ள சிலராவது அரசின் சம்பளத்தில் இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் அந்தத் திசையில்தான் போனது. இலங்கை விமானம் தயாரிப்பதில்லை. ஆனாலும் பராமரிப்பையும் பயிற்சியையும் வெளியாரிடம் ஒப்படைக்கும் எல்லா நாடுகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

கேள்வி: திருமண வீட்டில் ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டுமா? (படப்பிடிப்பாளர், குச்சவெளி)

வேண்டும். அதிகார சபையில் பதிவு, பறக்கவிடுவதற்கான அனுமதி இரண்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். கடற்படை, விமானப்படைத் தளங்கள் நிறைந்த நமது மாவட்டத்தில் பாதுகாப்புத் தரப்பின் சம்மதமும் தேவைப்படும். மணமக்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்பது பொலிஸாரிடம் எடுபடாது.

கேள்வி: இவ்வளவும் மேலிடத்து விவகாரம். எங்களைப் போன்றவர்களால் என்ன செய்ய முடியும்? (வாசகர் வட்டத்தினர், சாம்பல்தீவு)

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதிகார சபைக்கும் விமான நிலையக் கம்பனிக்கும் பொருந்தும். பரிசோதகர் பதவிகள் எத்தனை அங்கீகரிக்கப்பட்டுள்ளன, எத்தனை வெற்றிடமாக உள்ளன, சர்வதேச அமைப்பின் கடைசிக் கணக்காய்வில் சுட்டப்பட்ட குறைகளில் எவை இன்னும் தீர்க்கப்படவில்லை, அவற்றுக்குக் குறித்த கெடு எது என்ற கேள்விகளை மட்டும் கேளுங்கள். எண்களையும் திகதிகளையும் கேட்டால் மழுப்புவது கடினம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தமது முடிவைச் சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுத்தால், முதலில் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் சரிவராவிட்டால் தகவல் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். கிடைக்கும் பதிலின் பிரதியொன்றை, அரச நிறுவனங்களை ஆராயும் பாராளுமன்றத்தின் கோப் குழுவில் நமது மாவட்ட உறுப்பினர் எவராவது இருந்தால் அவருக்கு அனுப்புங்கள். இன்னொன்றை எனக்கும் அனுப்பினால் இப்பகுதியில் வெளியிடுகிறேன்.